அத்தான் தரும் பிளாஸ்மாவா, சீட்டுக் காசில் எல்சிடியா?

வாசகர் கேள்வி:

களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டிலுள்ள 21 அங்குலப் பெட்டி டீவி அடிக்கடி பழுதாகிறது. சீட்டுக் காசு கைக்கு வந்திருப்பதால் 43 அங்குலத்தில் புதிதாக ஒன்று வாங்க நினைத்திருந்தோம். இதற்கிடையில், கட்டாரிலிருந்து ஊரோடு வந்துவிட்ட என் அத்தான், 2012-ல் அங்கே வாங்கிய 50 அங்குல பனசொனிக் பிளாஸ்மாவைச் சும்மாவே தருகிறேன், ஏன் வீணாகக் காசைக் கரைக்கிறீர்கள் என்கிறார். என் கணவருக்கு அதன் படம் மிகவும் பிடித்துவிட்டது. சனிக்கிழமை இரவில் ஒரு படம் பார்ப்பதுதான் அவருடைய ஒரே பொழுதுபோக்கு. மகன் பிளேஸ்டேஷன் 4 விளையாடுவான். எனக்கு மடிக்கணினியை டீவியில் இணைத்துப் பாடத் தயாரிப்பும் ஒன்லைன் வகுப்பும் செய்ய வேண்டும். கடைக்காரரோ, "பிளாஸ்மாவும் வேண்டாம், எல்சிடியும் வேண்டாம், எல்இடி எடுங்கள்" என்கிறார். மாதம் 75 யுனிட் அளவில் கரண்ட் போகிறது. எங்களுக்கு எது சரி?

பதில்:

டீச்சர், முதலில் உங்கள் கணவரின் பக்கம் நின்று ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருடைய கண்ணில் பிழையில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பதற்கு, நல்ல நிலையிலுள்ள 2012-ஆம் ஆண்டுப் பிளாஸ்மா இன்றைய விலை குறைந்த எல்சிடிகள் பலவற்றை விட அழகானது. கல்முனையில் டீவி திருத்தும் வேலையில் இத்தனை வருடம் இருந்தும், இருட்டறையில் ஒரு நல்ல பிளாஸ்மா ஓடினால் நான் இன்னும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். ஆனாலும் உங்கள் ஹோலில் நாள் முழுக்க ஓடப்போகும் டீவியாக அதை வைக்க வேண்டாம். அந்த இடத்துக்குப் புதிய எல்சிடிதான். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். அத்தானின் பிளாஸ்மாவுக்கும் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்னதை முதலில் தெளிவாக்குவோம். எல்இடி டீவி என்று பெட்டியில் போட்டிருப்பதும் எல்சிடிதான். இரண்டிலும் திரை ஒன்றே. திரைக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் தரும் விளக்கு மட்டும் மாறியிருக்கிறது. முன்பு மெல்லிய குழாய் விளக்குகள் இருந்தன, இப்போது எல்இடி விளக்குகள். இன்று கடைகளில் எல்சிடி என்ற பெயரில் எதையும் விற்பதில்லை என்பதால் அவர் அப்படிச் சொல்லியிருப்பார். உங்கள் கேள்வி பிளாஸ்மாவா எல்சிடியா என்பதேதான், அதில் மாற்றமில்லை.

இந்த இரண்டும் படத்தைக் காட்டும் விதம் அடியோடு வேறு. எல்சிடியில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் ஒவ்வொரு புள்ளியிலும் கதவைத் திறந்து மூடுவது போல அந்த வெளிச்சத்தை விடும், மறிக்கும். கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால்தான் எல்சிடியில் கறுப்பு என்பது இருட்டறையில் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. பிளாஸ்மாவில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் நியோன், செனோன் வாயு அடைத்த ஒரு சின்னஞ்சிறு அறை. மின்சாரம் பாய்ந்ததும் வாயுவிலிருந்து புறஊதாக் கதிர் வரும். அது அறையின் சுவரில் பூசியிருக்கும் பொஸ்பர் பூச்சில் பட்டுச் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும். நம் வீட்டு டியூப் லைட் எரிவதும் ஏறக்குறைய இதே முறையில்தான். ஆக பிளாஸ்மா என்றால் லட்சக்கணக்கான குட்டி டியூப் லைட்டுகள். கறுப்பு வேண்டிய இடத்தில் அந்த அறை ஏறக்குறைய அணைந்தே கிடக்கும்.

படத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இரவுக் காட்சி ஒன்றில் பார்க்கலாம். மழை இரவு, கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவர், பின்னால் மரங்கள். எல்சிடியில் உடுப்பும் மரமும் வானமும் ஒரே சாம்பல் கூழாகிவிடும். பிளாஸ்மாவில் உடுப்பின் மடிப்பு வேறாக, நனைந்த இலை வேறாகத் தெரியும். இன்னொன்று, எங்கள் வீடுகளில் கதிரையில் நேராக இருந்து பார்ப்பவர்கள் இரண்டு பேர் என்றால், பாயில் பக்கவாட்டில் சரிந்து கிடந்து பார்ப்பவர்கள் நாலு பேர். பிளாஸ்மா எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. அசைவும் தெளிவாக இருக்கும். எல்சிடியில் ஒரு சட்டகம், அதாவது அசையும் படத்தின் ஒரு தனிப்படம், அடுத்தது வரும்வரை அப்படியே நிற்பதால், வேகமாக ஓடும் பந்து நம் கண்ணுக்கு இழுபட்டது போலத் தெரியும். பிளாஸ்மா ஒளியைத் துடிப்புத் துடிப்பாக விடுவதால் அந்த இழுபாடு குறைவு. உங்கள் கணவர் இதற்கெல்லாம் பெயர் தெரியாமலே பிடித்திருக்கிறார்.

ஆனால் பகலில்? உங்கள் ஹோலில் யன்னல் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் காற்றுக்காக முன்கதவும் யன்னலும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். பிளாஸ்மாவின் முகம் கண்ணாடி. பிற்பகல் வெளிச்சத்தில் அதில் கதவும் முற்றமும் அப்படியே பிரதிபலிக்கும். எல்சிடியின் விளக்கு அந்த வெளிச்சத்தோடு போட்டி போடக்கூடியது. பகல் டீவிக்கு எல்சிடி, இருட்டறைப் படத்துக்குப் பிளாஸ்மா என்பதை இதிலேயே பாதி முடிவு செய்துவிடலாம்.

மீதிப் பாதியை முடிவு செய்வது உங்கள் மடிக்கணினி. அதைச் சற்று நின்று பார்ப்போம். பிளாஸ்மாத் திரை முதன்முதலில் உருவானதே ஒரு கணினிக்காகத்தான், அதுவும் உங்கள் தொழிலுக்கான கணினி. 1964-ல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லொட்டோ, அவர்களுடைய மாணவர் ரொபர்ட் வில்சன் மூவரும், மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் பிளேட்டோ என்ற கணினித் தொகுதிக்காக இதைச் செய்தார்கள். கறுப்புத் திரையில் செம்மஞ்சள் எழுத்துகள் ஒளிர்ந்தன. எழுத்து மட்டும் ஒளிரும் அந்த வேலைக்குப் பிளாஸ்மா நன்றாகவே பொருந்தியது. நீங்கள் பாவிக்கப்போவது வேறு. வெள்ளைப் பக்கம், வெள்ளை அட்டவணை, வெள்ளைப் பின்னணியில் வகுப்பு. பிளாஸ்மாவில் திரை முழுக்க வெள்ளை என்றால் எல்லா அறைகளும் ஒன்றாக எரிய வேண்டும். அப்போதுதான் அது அதிகமாகக் கரண்ட் இழுக்கும். அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் டீவியே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெள்ளைப் பக்கம் மங்கலாகத் தெரிவது அதனால்தான், பழுது அல்ல.

அதைவிடப் பெரிய கவலை, அசையாமல் நிற்கும் படம். பொஸ்பர் பூச்சு எரிய எரியத் தேயும். திரையின் ஒரே இடத்தில் ஒரே உருவம் மணிக்கணக்கில் நின்றால், அந்த இடம் மட்டும் கூடத் தேய்ந்து, அந்த உருவத்தின் அடையாளம் விழுந்துவிடும். ஒருமுறை ஒரு சாப்பாட்டுக் கடைப் பிளாஸ்மா என் மேசைக்கு வந்தது. படம் மங்கல் என்று கொண்டுவந்தார்கள். வெறும் சாம்பல் நிறப் படமொன்றைப் போட்டுப் பார்த்தேன். திரையின் அடியில் நாலு விரல் உயரத்தில், ஒரு கரையிலிருந்து மறு கரை வரை பழுப்புப் பட்டை. அது செய்தி ஓடும் பட்டை. இடது பக்கத்தில் கிரிக்கெட் ஓட்டக் கணக்கின் பெட்டி. மேல் மூலையில் சனலின் சின்னம். அந்தச் சின்னத்தின் எழுத்துகளை எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதற்கு மருந்து கிடையாது. உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டை மாற்றலாம், தேய்ந்த பூச்சை மாற்ற முடியாது.

உங்கள் கணினியின் கீழே நிற்கும் டாஸ்க்பார் அப்படிப்பட்டதுதான். மகனின் உதைபந்தாட்ட விளையாட்டில் மூலையில் நிற்கும் கோல் கணக்கும், சண்டை விளையாட்டில் மேலே நிற்கும் உயிர்க்கோடும் அப்படித்தான். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. நிழல் போலத் தெரிந்துவிட்டு, வேறு படம் ஓடியதும் மறைந்துவிடும். ஆனால் வகுப்புக்கு மூன்று மணி, விளையாட்டுக்கு இரண்டு மணி, அப்புறம் செய்தி என்று தினமும் போனால், அந்த நிழல் ஒரு நாள் மறையாமல் தங்கிவிடும். எல்சிடிக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. கணினிக்கும் கேமுக்கும் நான் எல்சிடியைச் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

கேமைப் பற்றி இன்னொன்று. எந்த டீவி வாங்கினாலும் மகன் விளையாடும் எச்டிஎம்ஐ வாயிலில் (டீவியில் வயர் செருகும் இடம்) 'கேம் மோட்' போட்டுவிடுங்கள். டீவி படத்தை அழகுபடுத்த எடுக்கும் நேரத்தால், பொத்தானை அமத்தியதற்கும் திரையில் உதை விழுவதற்கும் இடையே தாமதம் வரும். கேம் மோட் இல்லாமல் சில டீவிகளில் அது ஒரு விநாடியில் பத்திலொரு பங்கைத் தாண்டும். பையன்கள் "கொன்ட்ரோலர் பழுது" என்று என்னிடம் கொண்டுவந்தவற்றில் சிலவற்றில் கொன்ட்ரோலர் நன்றாகவே இருந்தது.

இனிக் கரண்ட். 50 அங்குலப் பிளாஸ்மா படத்தைப் பொறுத்து கூடக் குறைய இழுக்கும். சராசரி 250 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 37 யுனிட் தாண்டும். 43 அங்குல எல்சிடி 80 வாட் என்றால் அதே நேரத்துக்கு 12 யுனிட். உங்கள் பழைய பெட்டி டீவியும் ஏறக்குறைய இந்த 80 வாட்தான். ஆக எல்சிடி வாங்கினால் உங்கள் 75 யுனிட் அப்படியே நிற்கும். பிளாஸ்மா வந்தால் 100-ஐத் தொடும். வித்தியாசம் 25 யுனிட்தானே என்று விடமுடியாது. மின்சாரக் கட்டணக் கணக்குப் படிக்கட்டு மாதிரி. 60, 90 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் யுனிட்டின் விலையும் மாதக் கட்டணமும் ஏறும். உங்கள் வீடு 90-ஐத் தாண்டும். சும்மா வந்த டீவிக்கு மாதாமாதம் காசு கட்டுகிற நிலை அது.

திருத்துவதைப் பற்றி என் தொழில் சார்ந்து சொல்ல வேண்டியதும் உண்டு. பனசொனிக் 2013 கடைசியோடு பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014-ல் நிறுத்தின. அதற்குப் பிறகு புதுப் பனலே, அதாவது திரைத் தகடே, கிடையாது. இன்று ஒரு போர்ட் போனால், செத்துப்போன இன்னொரு பிளாஸ்மாவின் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கிறோம். அதோடு உங்கள் ஊர் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கரையோரத்திலிருந்து வரும் டீவிகளைத் திறந்தால், ஐசி என்ற சில்லுகளின் கால்களில் பச்சை பூத்திருக்கும், திருகாணி துருப்பிடித்து சுரையோடு ஒட்டிப்போயிருக்கும். உப்புக்காற்று எல்லா டீவிக்கும் எதிரிதான். ஆனால் பிளாஸ்மாவின் போர்டுகளில் 200 வோல்ட் அளவில் மின்னழுத்தம் ஓடுவதால், அங்கே ஈரமும் உப்பும் சேர்ந்தால் வேலை கெதியாக முடிந்துவிடும். தயவுசெய்து யாரும் வீட்டில் அதன் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கை இழுத்த பிறகும் கப்பாசிட்டரில் மின் தேங்கி நிற்கும்.

சரி, எந்த எல்சிடி? பிராண்டைச் சொல்ல மாட்டேன், பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். எல்சிடிப் பனலில் இரண்டு பெரிய வகை. விஏ என்பதில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் நின்றால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் என்பதில் பக்கத்திலிருந்தும் நிறம் நிற்கும், கறுப்பு சாம்பலாகும். பொதுவாக ஐபிஎஸ்ஸில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கு அளவில், விஏயில் மூவாயிரம் மடங்கும் அதற்கு மேலும். இது பெட்டியில் எழுதியிருக்காது. கடையில் நீங்களே கண்டுபிடிக்கலாம். பென்டிரைவில் ஓர் இரவுக் காட்சியைக் கொண்டுபோங்கள். கடையில் டீவியெல்லாம் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள், அதை 'சினிமா' என்ற நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். நேரே நின்று கறுப்பைப் பாருங்கள். பிறகு பாயில் கிடப்பவர் பார்க்கும் கோணத்துக்குக் குனிந்து, பக்கத்தில் போய் முகத்தின் நிறத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டால், படப் பிரியர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு விஏ.

43 அங்குலம் என்றால் 4கே எடுங்கள். படத்துக்காக அல்ல, உங்கள் எழுத்துக்காக. மூன்று மீற்றர் தள்ளியிருந்து படம் பார்த்தால் முழு எச்டிக்கும் 4கேக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மேசையில் வைத்துக் கையெட்டும் தூரத்தில் கணினியாகப் பாவிக்கும்போது, 43 அங்குலத்தில் முழு எச்டியின் 1920×1080 புள்ளி என்றால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரித் தெரியும். 4கேயின் 3840×2160 என்றால் தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் வடிவாக இருக்கும்.

இணைத்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. பலர் இதைச் செய்யாமல் டீவியைக் குறை சொல்கிறார்கள். டீவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ வாயிலின் பெயரை 'பிசி' என்று மாற்றுங்கள். சாதாரண நிலையில் பல டீவிகள் நிறத் தகவலைப் பாதியாகவும் காலாகவும் சுருக்கித்தான் காட்டும். படத்தில் அது தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் பாருங்கள், பூஞ்சணம் பிடித்தது போல ஓரம் கலங்கும். பெயரைப் 'பிசி' என்று மாற்றியதும் அது தெளிந்துவிடும். டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டிருந்தால், படத்தின் அளவை 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கான்' என்று வையுங்கள். கணவர் படம் பார்க்கும்போது, படம் மெகா நாடகம் மாதிரி வழவழவென்று தெரிகிறதே என்று முறையிட்டால், அது சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' (முன்பு 'ஆட்டோ மோஷன் பிளஸ்'), எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்ற பெயரில் இருக்கும் அமைப்பின் வேலை. படங்கள் விநாடிக்கு 24 சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. இடையில் டீவி தானாகச் சட்டகங்களைச் செய்து நுழைக்கிறது. அதை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது அத்தானின் பிளாஸ்மா. வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். வீட்டில் ஓர் உள்ளறை இருந்தால் அதைச் சனிக்கிழமைப் படத்துக்கு மட்டும் என்று வையுங்கள். வாரம் ஒரு படம், இரண்டரை மணி நேரம் என்றால் மாதத்துக்கு 2 அல்லது 3 யுனிட்தான் போகும். படம் அசைந்துகொண்டே இருக்கும், அடையாளம் விழும் பயமில்லை. இரவில் கண்ணாடியின் பிரதிபலிப்பும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது சூடேறினால் உள்ளே ஈரம் தங்காது. அந்த டீவிக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது, உங்கள் கணவருக்கும் அதைவிட நல்ல படம் கிடைக்காது.

எடுக்கும் முன் அத்தான் வீட்டில் இரண்டு விஷயம் பாருங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எழுத்து என்ன என்று பாருங்கள். 2012-ஆம் ஆண்டுப் பனசொனிக்கில் எஸ்டி, ஜிடி, விடி என்ற எழுத்துகள் இருந்தால் முழு எச்டி, நல்ல சாமான். எக்ஸ் என்று இருந்தால் முழு எச்டி இல்லை, அந்தக் காலத்துப் பிளாஸ்மாக்களில் பலவற்றைப் போலப் புள்ளிகள் குறைந்தது. படம் பார்க்கலாம், ஆனால் அதற்காக இடத்தை ஒதுக்கத் தேவையில்லை. இரண்டாவது, சாம்பல், வெள்ளை, சிவப்பு என்று ஒற்றை நிறத்தில் மூன்று படங்களைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு மூலைகளையும் அடிப்பகுதியையும் உற்றுப் பாருங்கள். மெல்லிய நிழல் தெரிந்தால், மெனுவில் 'ஸ்க்ரோலிங் பார்' என்ற அமைப்பு இருக்கும், ஓர் இரவு ஓடவிட்டு மறுநாள் பார்க்கலாம். அப்போதும் எழுத்து வாசிக்கக் கூடியதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கொண்டுவரும்போது அதை ஒருபோதும் படுக்கப்போட வேண்டாம். கிட்டத்தட்ட 25 கிலோ, முகம் முழுக்கக் கண்ணாடி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் வாடிக்கையாளர் ஒருவரின் பிளாஸ்மாவை வான் வண்டியில் மெத்தை விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். வீதியில் ஒரு பள்ளம், உள்ளே ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அதன் விலையை நான்தான் கட்டினேன். நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, ஒருவர் கூடவே பிடித்துக்கொண்டு வாருங்கள். வந்ததும் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள், பின்பக்கம் மூச்சு விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் தொடங்கியதும் இரண்டு டீவியின் பிளக்கையும், டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். மின்னல் அடித்து எங்களிடம் வரும் டீவிகளில் பல, பிளக்கைக் கழற்றியும் டிஷ் வயரை விட்டுவைத்தவை.